பார்ட்டோக் பற்றிக் கேளுங்கள்: ஒரு பியானோ டீச்சரின் பதில்கள்

முப்பது வருஷமாகப் புரசைவாக்கத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். அதில் பாதி பேலா பார்ட்டோக்கோடுதான் கழிந்தது. 1881-இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்து 1945-இல் நியூயார்க்கில் மறைந்த இசையமைப்பாளர். 27 வருஷம் புடாபெஸ்ட் இசை அகாடமியில் பியானோ பேராசிரியர். கேள்விகள் அனுப்புங்கள் என்றேன், வந்து குவிந்துவிட்டன. பாதிக்குப் பாதி ஒரே கேள்விதான். எனக்குப் பிடித்ததற்கு நீளமாகவும் மற்றதற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்வேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

கோவை மாணவி: டீச்சர், பெயரில் எது முதலில் வரும்? ஒரு புத்தகத்தில் பார்ட்டோக் பேலா என்று போட்டிருக்கிறது.

ஹங்கேரிக்காரர்கள் குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள். நம் இனிஷியல் முன்னால் நிற்பது மாதிரி. இரண்டும் சரிதான்.

சங்கர், திருநெல்வேலி: இவ்வளவு பெரிய இசையமைப்பாளர் ஏன் பியானோ வாத்தியாராக இருந்தார்? இசையமைப்பு சொல்லித்தர ஆள் கேட்கவில்லையா?

கேட்டார்கள், அவர்தான் மறுத்தார். 1907-இல் தன் குரு இஷ்த்வான் தோமானின் இடத்துக்கு வந்தார். தோமான், பியானோ மேதை லிஸ்ட்டிடம் படித்தவர். ஆக லிஸ்ட், தோமான், பார்ட்டோக் என்று ஒரு குருபரம்பரையே இருக்கிறது. ஆனால் இசையமைப்பு வகுப்பு மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை. வேலை நிரந்தரமானதால் ஊர் ஊராகக் கச்சேரிக்கு அலையாமல் ஹங்கேரியிலேயே தங்க முடிந்தது. லீவு விட்டால் மெழுகு உருளை ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போய் நாட்டுப்பாட்டு பதிவு செய்ய முடிந்தது. அவர் மனசு அங்கேதான். 1934-இல் வகுப்பிலிருந்து விடுவித்து, அறிவியல் அகாடமியில் அந்தப் பாட்டுகளைத் தொகுக்க உட்கார வைத்தபோது அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

வகுப்பில் எப்படி என்றால், அதிகம் பேசமாட்டார். தப்பாக வாசித்தால் தானே வாசித்துக் காட்டுவார். மறுபடி தப்பினால் மறுபடி காட்டுவார். ஃப்ரிட்ஸ் ரைனர், லிலி க்ராவுஸ், கியோர்கி ஷாண்டோர் எல்லாம் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான். நானும் அப்படிச் செய்து பார்த்தேன். மூன்றாவது தடவை வாசித்துக் காட்டும்போது பிள்ளை ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அவருக்கு அந்தப் பொறுமை இருந்தது, எனக்கு இல்லை.

கிரேடு ஐந்து அம்மா: மேடம், 'குழந்தைகளுக்காக' நோட்ஸ் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்குமா?

கிடைக்கும். இந்தியச் சட்டப்படி அவர் இறந்து 60 வருஷம் முடிந்ததால் 2006 முதல் பதிப்புரிமை இல்லை. ஆனால் பிடிஎஃப்பைப் பதிவிறக்கும் முன் அட்டையில் வருஷம் பாருங்கள். 1908-ஐ ஒட்டி எழுதிய முதல் வடிவத்தில் 85 துண்டுகள் இருந்தன. அமெரிக்காவில் உட்கார்ந்து 1943-இல் திருத்தினார், 79 ஆயிற்று. சிலவற்றை எடுத்துவிட்டார், சிலவற்றின் ஹார்மனியையே மாற்றினார். எண்களும் மாறிவிட்டன. பரீட்சைக்கு 'எண் 17' என்றிருந்தால் எந்தப் பதிப்பின் 17 என்று பாருங்கள். என் மாணவி ஒருத்தி வேறொரு 17-ஐ மூன்று மாதம் பழகினாள்.

ஆய்வு மாணவர், புதுச்சேரி: அவருடைய கையெழுத்துப்படிகள் இப்போது எங்கே இருக்கின்றன? ஒரே காப்பகத்தில் ஏன் இல்லை?

இதைத்தான் எதிர்பார்த்தேன். காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் பார்ட்டோக்குக்குக் கவலை வந்துவிட்டது. வியன்னாவில் அவர் உறுப்பினராக இருந்த இசை உரிமைச் சங்கத்தார் நீ ஆரியனா என்று கேட்டுப் படிவம் அனுப்பினார்கள். அவரும் நண்பரான இசையமைப்பாளர் கொடாயும் நிரப்ப மறுத்துவிட்டார்கள். அப்புறம் பதிப்பகத்தை லண்டனுக்கு மாற்றினார், கையெழுத்துப்படிகளை ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பினார். 1939 டிசம்பரில் அம்மா இறந்த பிறகு அவரை ஊரில் கட்டிப்போட எதுவும் இல்லை. 1940 அக்டோபரில் மனைவி தித்தாவோடு அமெரிக்காவுக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் ஒரு உயில் எழுதினார். புடாபெஸ்ட்டில் ஹிட்லர், முசோலினி பெயரில் சதுக்கங்கள் இருக்கும்வரை தன் பெயரில் தெருவோ சதுக்கமோ கூடாது, நினைவுப் பலகையும் கூடாது என்று அதில் எழுதி வைத்தார்.

நியூயார்க்கில் அவர் இறந்ததும் சொத்து ஒரு அறங்காவலர் கைக்குப் போனது. விக்டர் பாட்டோர் என்பவர் அங்கே ஒரு பார்ட்டோக் காப்பகம் தொடங்கினார். தித்தா ஹங்கேரி திரும்பிவிட்டார். நடுவில் இரும்புத்திரை. வழக்கு மேல் வழக்கு. பெரிய மகன் புடாபெஸ்ட்டில், சின்ன மகன் பீட்டர் அமெரிக்காவில். 1961-இல் ஹங்கேரியிலும் ஒரு காப்பகம் தொடங்கியது, பெரிய மகனிடம் இருந்தவை அங்கே சேர்ந்தன. ஒரு படைப்பின் முதல் வரைவு கடலுக்கு அந்தப்பக்கம், திருத்திய பிரதி இந்தப்பக்கம். ஆராய்ச்சி செய்பவர்கள் பாவம். 1982-இல் தித்தா காலமான பிறகு அமெரிக்கச் சேகரிப்பு பீட்டர் கைக்கு வந்தது. அவர் அதைப் பாசலில் உள்ள பால் ஸாகர் அறக்கட்டளையில் வைத்தார். 1938-இல் பயந்து அனுப்பிய அதே ஊருக்கே தாள்கள் திரும்பிப் போயின!

உங்களுக்கு ஆக வேண்டியது இதுதான்: மூலத்தாள் பார்க்க பாசல்; கடிதம், அச்சுப்பிரதி, நாட்டுப்பாட்டு என்றால் புடாபெஸ்ட். இரண்டுக்கும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். பட்டியலில் மூன்று வகை எண் வரும். ஸொல்லோஷி போட்டது ஒன்று, ஷொம்ஃபாய் போட்டது ஒன்று, சிறுவயதுப் படைப்புகளுக்கு டில் போட்டது ஒன்று. ஓபஸ் எண்ணை, அதாவது இசையமைப்பாளரே போடும் வரிசை எண்ணை, நம்பாதீர்கள், பார்ட்டோக்கே மூன்று தடவை ஒன்றிலிருந்து ஆரம்பித்து 21-இல் நிறுத்திவிட்டார்.

கிரேடு மூன்று அப்பா: 'மைக்ரோகாஸ்மாஸ்' பிடிஎஃப் லிங்க் கொடுங்கள் மேடம்.

மேலே பார்க்கவும். அட்டையில் வருஷம். 1987-இல் வந்த திருத்திய பதிப்பு இருந்தால் அதையே வாங்குங்கள்.

மீனா, சேலம்: என் மகளுக்கு ஏழு வயசு. டீச்சர் இல்லாமல் மைக்ரோகாஸ்மாஸ் ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். 153 துண்டு, ஆறு பாகம், சிறுகச் சிறுக ஏறும் படிதான், ஆனால் முதல் படியே ஏமாற்றும். முதல் ஆறு துண்டுகளில் இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிக்கும். எளிது என்று தோன்றும். என்னிடம் வரும் பிள்ளைகளின் இடது கைச் சுண்டுவிரல் முதல் பாரிலேயே, அதாவது முதல் தாளக் கட்டத்திலேயே, குப்புறப் படுத்துவிடும், கட்டைவிரல் கட்டைகளுக்குக் கீழே தொங்கும். அதைப் பக்கத்தில் இருந்து தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். பீட்டருக்கு அப்பாவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

வயலின்காரர், தஞ்சாவூர்: அக்கா, நான் கர்நாடக வயலின். பார்ட்டோக் கேட்டால் நம்ம ராகம் மாதிரி இருக்கிறதே, அவர் நம் இசையைப் படித்தாரா?

தம்பி, நம் இசையை அவர் படித்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் உங்கள் காது பொய் சொல்லவில்லை. 1907-இல் அன்றைய ஹங்கேரியின் செக்லர் பகுதிக் கிராமங்களில் அவர் பதிவு செய்த பழைய பாட்டுகள் ஐந்து சுரத்தில் இருந்தன. ஸ க₂ ம₁ ப நி₂ என்று பாடிப் பாருங்கள், சுத்த தன்யாசி வரிசை. 'தந்திக் கருவிகள், தாளக் கருவிகள், செலஸ்டாவுக்கான இசை' என்ற படைப்பின் முதல் பாகத்தில் நெருக்கிப் பிடித்த ஒரு மெட்டு வரும். கடைசிப் பாகத்தில் அதே மெட்டு விரிந்து வரும்போது ஸ ரி₂ க₃ ம₂ ப த₂ நி₂. 64ஆவது மேளம், வாசஸ்பதி. முதல் தடவை அதைக் கவனித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் வரிசை ராகம் ஆகாது. கமகம் இல்லை, பிடி இல்லை, ஜீவசுரம் இல்லை. வாசஸ்பதியில் எழுதினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாளத்தில் வேண்டுமானால் இன்னும் நெருங்கலாம். மைக்ரோகாஸ்மாஸ் கடைசித் துண்டு பல்கேரியத் தாளம், 3+3+2. மெட்ரோனோமைத் தள்ளி வைத்துவிட்டு 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசிக்கச் சொல்வேன். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

எண்ணாளன்: அதே செலஸ்டா படைப்பில் முதல் பாகம் 89 பார், உச்சம் 55-இல். ஃபிபொனாச்சி எண்கள், முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை! அதிலிருந்து வரும் தங்க விகிதத்தைக் கணக்குப் போட்டே எழுதினார் என்பது உண்மைதானே?

வந்துவிட்டீர்களா. அது எர்னோ லெண்ட்வாய் என்ற ஹங்கேரிய ஆய்வாளர் சொன்னது. ஸ்கோரை, அதாவது எல்லாக் கருவிகளுக்குமான நோட்ஸை, எடுத்து எண்ணுங்கள். 88 பார்தான் இருக்கிறது. 89 ஆக்க, கடைசியில் ஒரு மௌன பார் சேர்க்க வேண்டும்.

எண்ணாளன்: ஒரு பார்தானே அம்மா? உச்சம் 55-இல் வருவது தற்செயலா?

ஒரு பார்தான். ஆனால் அந்தப் பாகத்தில் பார்கள் ஒரே அளவில்லை. ஒன்று 8/8, இன்னொன்று 12/8, வேறொன்று 7/8. படியாலும் உழக்காலும் மாற்றி மாற்றி அளந்துவிட்டு மொத்தம் 89 படி அரிசி என்று சொன்னால் கடைக்காரர் விடுவாரா?

ஜெயந்தி: நான் எண்ணாளன் பக்கம். மூன்றாம் பாக ஆரம்பத்தில் சைலோஃபோன் 1, 1, 2, 3, 5, 8, 5, 3, 2, 1, 1 என்று தட்டுகிறதே?

தட்டுகிறது. அழகாகவும் இருக்கிறது. ஒரே சுரத்தை மெதுவாக ஆரம்பித்து வேகமாக்கி மறுபடி மெதுவாக்கினால் ஏறக்குறைய அப்படித்தான் வரும். மிருதங்கக்காரரிடம் கேளுங்கள். புடாபெஸ்ட் காப்பகத்தைப் பல வருஷம் பார்த்துக்கொண்ட ஷொம்ஃபாய், வரைவுத்தாள்களை ஒன்று விடாமல் பார்த்தவர். தங்க விகிதக் கணக்கு எதுவும் தாளில் இல்லை என்று எழுதியிருக்கிறார். பார்ட்டோக் கணக்கு எழுத வெட்கப்படுபவரும் இல்லை, துண்டுகளின் நீளத்தை நிமிஷம், நொடி என்று கடைசியில் எழுதி வைப்பவர். போட்டிருந்தால் ஓரத்தில் எங்காவது கிடந்திருக்கும்.

எண்ணாளன்: மனசுக்குள் போட்டிருக்கலாம்.

மனசுக்குள் போட்டதற்குக் காப்பகம் கிடையாது. இந்த விஷயத்தில் இன்னும் பதினொரு கேள்வி வந்திருக்கிறது, பதில் இதுதான்.

ரவி: வறுமையில் பட்டினி கிடந்து செத்தாராமே?

இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தெற்கு ஸ்லாவியப் பாட்டுகளை எழுதியெடுக்கும் ஆய்வு வேலை இருந்தது. கச்சேரி குறைந்தது, நெருக்கடி இருந்தது. அவரைக் கொன்றது ரத்தப் புற்றுநோய். மருத்துவச் செலவை அமெரிக்க இசையமைப்பாளர் சங்கம் ஏற்றது. தானம் என்றால் வாங்கமாட்டார் என்று தெரிந்த ரைனரும் வயலின் கலைஞர் ஸிகெட்டியும் சொல்லித்தான், பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துநர் கூஸெவிட்ஸ்கி 1943-இல் ஆஸ்பத்திரிக்கே வந்து ஒரு படைப்பு எழுதித்தரக் கேட்டார். அதுதான் 'இசைக்குழுவுக்கான கான்செர்ட்டோ'. 1944 டிசம்பர் 1-இல் பாஸ்டனில் அரங்கேறியது.

வயோலா வாசிப்பவர்: வயோலா கான்செர்ட்டோவுக்கு இரண்டு மூன்று பதிப்பு இருக்கிறதே, எதை வாசிப்பது?

அட்டையில்… சரி, உங்களுக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை. 1945 செப்டம்பரில் பார்ட்டோக், வயோலாக்காரர் பிரிம்ரோஸுக்கு, வரைவு முடிந்துவிட்டது, ஸ்கோர் எழுதுவதுதான் பாக்கி என்று எழுதினார். அந்த மாதமே இறந்துவிட்டார். கிடைத்தவை எண் போடாத உதிரித் தாள்கள். திருத்தத்தை அழித்து எழுதாமல் பழையதன் மேலேயே எழுதுவார். அவருடைய நண்பரான இசையமைப்பாளர் டிபோர் ஷெர்லி அதைப் பிரித்து வாசித்து முடித்தார், 1949-இல் அரங்கேறியது. மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவில் கடைசி 17 பார்தான் ஷெர்லி நிரப்ப வேண்டியிருந்தது, இங்கே முழு உடம்பையும் கட்ட வேண்டியதாயிற்று. 1995-இல் மூலத்தாள்களின் நகல் அச்சில் வந்தது, பீட்டரும் டெல்லமாஜோரேயும் செய்த வேறு வடிவமும் வந்தது. நகலை வாங்குங்கள். ஒரு பக்கத்தை ஷெர்லியோடு வைத்துப் பாருங்கள், எந்தக் குரல் யாருடையது என்று நீங்களே முடிவு செய்வீர்கள். என் ஓட்டு ஷெர்லிக்குத்தான், அவர் சில இடத்தில் தாராளமாகக் கைவைத்திருந்தாலும்.

பிரியா: எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

கடையில் கேளுங்கள்.

கிரேடு இரண்டு அம்மா: என் பையன் தானே மெட்டுக் கட்டுகிறான். எழுதத் தெரியவில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பார்ட்டோக்கின் அப்பா, பையனுக்கு ஏழு வயசு இருக்கும்போதே போய்விட்டார். அம்மா பௌலா பள்ளி ஆசிரியை, ஊர் ஊராக மாற்றலாகிப் பிள்ளைகளை வளர்த்தார். பையனுக்கு நோட்ஸ் எழுதத் தெரியாத வயதில் அவன் வாசித்ததை அவர்தான் கேட்டு எழுதி வைத்தார். அப்படி ஒரு துண்டு 'டான்யூபின் ஓட்டம்'. 1892 மே 1-இல் நாட்ஸொலோஷ் ஊரில் அதைப் பதினொரு வயதுப் பையன் மேடையில் வாசித்தான். அது அவனுடைய முதல் மேடை. உங்களுக்கு எழுத வராவிட்டால் போனில் பதிவு செய்யுங்கள், தேதி போட்டு வையுங்கள்.

கிரேடு நான்கு: டீச்சர், பிடிஎஃப்…

மேலே.