ஐ-16 டைப் 5 ஏன் பயிற்சி விமானம் போலப் பறக்கிறது?

வணக்கம் நண்பரே. கணினி விமான சிமுலேட்டருக்காக நீங்கள் செய்யும் போலிகார்ப்போவ் ஐ-16 (சோவியத் போர் விமானம்) மாடல், வடிவமும் எஞ்சின் சக்தியும் சரியாக இருந்தும் பயிற்சி விமானம் போலச் சாதுவாகப் பறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் ஈர்ப்பு மையத்தின் (விமானத்தின் மொத்த எடையும் சமநிலை கொள்ளும் புள்ளி) மேல்தான். சுமார் 6 மீட்டர் நீளமுள்ள குட்டை விமானம் இது. அசல் விமானத்தில் எடை நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது. அதனால்தான் ஸ்டிக்கை (விமானியின் கட்டுப்பாட்டுக் கோலை) தொட்டாலே மூக்கு துள்ளும். வேறொரு விமானத்தின் சிமுலேட்டர் கோப்பு ஒன்றை எடுத்துத் திருத்தினால் மையம் பெரும்பாலும் முன்னாலேயே நின்றுவிடும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பறந்து பாருங்கள். சுழல் நிலைம மதிப்புகளையும் (விமானம் திரும்புவதை எவ்வளவு எதிர்க்கும் என்பதைக் காட்டும் எண்கள்) இந்தச் சின்ன உடலுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும்.

அப்புறம், பறக்கும்போது சரிசெய்யும் டிரிம் (ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் விமானத்தை நிலையாக வைக்கும் அமைப்பு) இதில் கிடையாது. விசைப்பலகையில் அதற்கு வைத்த விசையை எடுத்துவிடுங்கள்.

சக்கரம் 3 விநாடியில் உள்ளே போகிறது என்றீர்களே, தயவுசெய்து அதை மாற்றுங்கள். இந்த விமானத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. விமானி ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலப்பக்கக் கைப்பிடியை 44 சுற்று சுற்றினால்தான் சக்கரம் மேலே ஏறும். ஏறுமுகத்தில் விமானம் லேசாக ஆடிக்கொண்டே போவதும் அதனால்தான். ஒரு விசை அழுத்தத்துக்கு ஒரு சுற்று என்று வையுங்கள், கை வலித்தாலும் பரவாயில்லை.

டைப் 5-க்குத் தனி ஃபிளாப் (தரையிறங்க இறக்கையில் கீழே இறக்கும் மடல்) வேண்டாம். ஏலரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்கள்) இரண்டும் சேர்ந்து கீழே இறங்கினால் போதும்.