புதுசா சிடிஎல் (பெரிய ட்ரக் ஓட்டற லைசென்ஸ்) எடுத்தவங்க முதல் ட்ரக்கிங் கம்பெனியை எப்படிப் பார்த்து சேரணும்?

கேட்டிருக்கற தம்பி டெக்சாஸ்ல இருக்காராம், சிடிஎல் கைக்கு வந்து ஒரு மாசம் ஆகுதாம், ரெண்டு ஆஃபர் வெச்சிருக்காராம். ஒண்ணு பெரிய கம்பெனி, மைலுக்கு 50 சென்ட், ஆறு வாரம் டிரெயினர் கூட ஓட்டணும், டபிள்யூ-2, அதாவது சம்பள ஊழியர். இன்னொண்ணு பதினஞ்சு ட்ரக் வெச்சிருக்கற சின்ன கம்பெனி, 68 சென்ட், 1099, அதாவது தனி கான்ட்ராக்டர், "திங்கக்கிழமை வந்து சாவியை வாங்கிக்கோ"ன்னு சொல்லிட்டாங்களாம். எதுல சேரட்டும்னு கேள்வி.

தம்பி, நீங்க அந்த 68-ஐ விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டுதான் இங்க கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அப்படித்தான் எண்ணினேன். எனக்கு 65 சென்ட் சொன்னாங்க. வாரத்துக்கு 3000 மைல் கன்ஃபர்ம்னாங்க. கால்குலேட்டர்ல தட்டிட்டு என் வீட்டம்மாகிட்ட காட்டினேன், அவளும் ஒண்ணும் சொல்லல.

என் கதை என்னன்னா, 2022-ல ஐடி வேலை போச்சு. பதினாறு வருஷம் டெஸ்டிங்ல இருந்தவன், 44 வயசு, நாலு மாசம் இன்டர்வியூ கொடுத்துக் கொடுத்து வெறுத்துப் போய் சிடிஎல் ஸ்கூல்ல சேர்ந்தேன். அந்த வருஷம் பிப்ரவரி 7-லதான் புது ரூல் வந்திருந்தது, பதிவான ஸ்கூல்ல தியரியும் ஓட்டறதும் முடிக்காம ஓட்டிக் காட்டற டெஸ்ட்டுக்கே போக முடியாதுன்னு. அதனால எல்லாம் ஒழுங்கா படிச்சுதான் லைசென்ஸ் எடுத்தேன். ஆனா ஸ்கூல்ல கத்துக் கொடுக்கறது டெஸ்ட் பாஸ் பண்ணத்தான். மீதியை யார் கத்துக் கொடுப்பாங்கன்னு நான் கேக்கவே இல்ல, அந்த சின்ன கம்பெனி ஓனர் ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து வந்தார், "யூ ஆர் குட்"னு தோள்ல தட்டினார், முடிஞ்சது டிரெயினிங்.

2023 ஜனவரி. ஒமாஹால பேப்பர் கப் லோடு, சால்ட் லேக் சிட்டி டெலிவரி. சரக்கோட வெயிட்டே 9000 பவுண்டுதான், 53 அடி பெட்டி நிறைய காத்துன்னு வெச்சுக்கோங்க. காலைல 6 மணிக்கு நெப்ராஸ்கா ஒகலாலால கிளம்பி பத்தரைக்கு வயோமிங் லாரமி வந்தேன். ஐ-80 மூடியாச்சு, லாரமிலேருந்து ராலின்ஸ் வரைக்கும். எல்க் மவுன்டன் பக்கம் அடிக்கற காத்தைப் பத்தி ஓட்டினவங்களுக்குத் தெரியும், லைட்டா இருக்கற ட்ரெய்லரைத் தூக்கி மீடியன்ல படுக்க வெச்சிரும். ட்ரக் ஸ்டாப்ல எப்படியோ ஒரு இடம் பிடிச்சு நிறுத்திட்டு, ஸ்டீரிங் முன்னாடி உக்காந்துகிட்டு போன்ல ரோடு கேமராவையே பார்த்துட்டிருந்தேன், எப்ப திறப்பான் எப்ப திறப்பான்னு. மத்தியானம் டீசல் உறைஞ்சிரக் கூடாதேன்னு மெதுவா ஊர்ந்து ஃப்யூயல் ஐலண்டுக்குப் போய் டீசலும் ஆன்ட்டி-ஜெல்லும் போட்டேன். ரசீதுல 2:10 பிஎம். இந்த டைமை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இதுல நான் பண்ண முட்டாள்தனம் என்னன்னா, இவ்வளவு நேரமும் என் லாக்ல, அதாவது ஓட்டின நேரம் ரெஸ்ட் நேரம் எல்லாம் பதியற டேப்லெட்ல, "ஆன் டியூட்டி"ன்னே விட்டிருக்கேன். ஓட்டல, ஆனா டியூட்டில இருக்கேன்னு. ஒருநாள் டியூட்டி ஆரம்பிச்சு 14 மணி நேரத்துக்கு அப்புறம் ஓட்டக் கூடாது, அந்த 14-க்குள்ள 11 மணி நேரம்தான் ஸ்டீரிங், திரும்ப ஆரம்பிக்கணும்னா தொடர்ந்து 10 மணி நேரம் ரெஸ்ட். காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சவனுக்கு ராத்திரி 8-க்கு கதை முடிஞ்சது. ரோடு திறந்தது 9 மணிக்கு. பத்தரைக்கு வந்து நின்னதும் அந்த டேப்லெட்ல "ஸ்லீப்பர்"னு ஒரு பட்டனை அமுக்கிட்டு, டீசலை அப்பவே போட்டு முடிச்சிட்டு, பின்னாடி போய் படுத்திருந்தேன்னா 9 மணிக்கு எனக்குப் புத்தம் புது கடிகாரம். பக்கத்துல ஒரு டிரெயினர் இருந்திருந்தா ரோடு மூடின நிமிஷமே சொல்லியிருப்பார். ஒரே ஒரு வாக்கியம்தான்.

9:05-க்கு டிஸ்பாட்ச் போன், லோடு கொடுத்து அனுப்பற ஆபீஸ் ஆள். "ரோட் இஸ் ஓபன், காலைல 7 மணி அப்பாயின்ட்மென்ட், ஏன் இன்னும் நிக்கற?" எனக்கு அவர்ஸ் இல்லன்னேன். "செக் யுவர் டேப்லெட்"னு சொல்லி வெச்சிட்டான். பார்த்தா ஒரு பாப்-அப். பத்தரையிலேருந்து ராத்திரி 9 வரைக்கும் மொத்தமா ஸ்லீப்பர்னு ஆபீஸ்லேருந்தே மாத்தி அனுப்பியிருக்கான், கீழ அக்சப்ட், ரிஜெக்ட் ரெண்டு பட்டன். கம்பெனி லாக்கை மாத்தச் சொல்லலாம், ஆனா டிரைவர் ஒத்துகிட்டாத்தான் அது செல்லும், அதுதான் ரூல். வேலைக்கு சேர்ந்து ஏழாவது வாரம். மூணு மாச வாடகை கடன்ல இருக்கேன். அமுக்கினேன். எதை அமுக்கினேன்னு சொல்ல வேண்டியதில்ல.

யூட்டா எல்லைல ட்ரக்கை செக் பண்ற போர்ட் ஆஃப் என்ட்ரில உள்ள கூப்பிட்டாங்க. ஆபீசர் ரொம்ப மரியாதையான ஆள், சத்தம் கூட போடல. லாக்கைப் பார்த்தார், ஃப்யூயல் ரசீது இருக்கான்னு கேட்டார், நானும் ஃபைல்லேருந்து எடுத்து நீட்டினேன். அவர் ரசீதைப் பார்த்தார், லாக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார், "ரெண்டு மணிக்கு தூங்கிட்டே டீசல் போட்டீங்களா சார்?" அந்த "சார்"தான் இன்னும் காதுல இருக்கு. பொய் லாக்னு எழுதி அங்கயே 10 மணி நேரம் அவுட் ஆஃப் சர்வீஸ், அதாவது வண்டியை எடுக்கவே கூடாது. டெலிவரி லேட், அதுக்கு அந்த வாரம் என் செட்டில்மென்ட்ல 300 டாலர் பிடிச்சாங்க. லாக்கை மாத்தினவனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க.

இப்ப சொல்றேன், உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த வயலேஷன் கம்பெனி மேலயும் விழும், உங்க மேலயும் விழும். ஆனா கம்பெனிக்கு வேற வழி இருக்கு. எனக்கு வேலை கொடுத்தவங்க நான் விலகி நாலு மாசத்துல அந்தப் பேர்ல இல்ல. அதே யார்டு, அதே ட்ரக், கதவுல வேற பேர், வேற டிஓடி நம்பர், அதாவது அரசாங்கப் பதிவு நம்பர். இந்த ஃபீல்டுல இதுக்கு பச்சோந்தி கேரியர்னே பேர் இருக்கு. நீங்க பேரை மாத்திக்க முடியாது. பிஎஸ்பின்னு ஒரு ரெக்கார்டு இருக்கு, 5 வருஷ ஆக்சிடென்ட்டும் 3 வருஷ இன்ஸ்பெக்ஷனும் அதுல இருக்கும், அடுத்து சேரப் போற கம்பெனி அதைத்தான் முதல்ல எடுத்துப் பார்க்கும். மூணு கம்பெனி என்னை ஓரியன்டேஷன் வரைக்கும் கூப்பிட்டு அப்புறம் சாரின்னாங்க. ஒரு ரிக்ரூட்டர் மட்டும் உண்மையைச் சொன்னா, "எங்க இன்சூரன்ஸ்காரங்க உங்களை ஒத்துக்க மாட்டாங்க"ன்னு.

டிஸ்பாட்ச் மிரட்டி ரூலை மீற வெச்சா அதுக்குத் தனியா சட்டம் இருக்கு, 2016-லேருந்து. 90 நாளைக்குள்ள ட்ரக் பாதுகாப்பைப் பார்க்கற ஃபெடரல் அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏ-ல கம்ப்ளெயின்ட் கொடுக்கலாம். எனக்கு அது தெரிஞ்சது அஞ்சாவது மாசம்.

65 சென்ட் கணக்கையும் முடிச்சிடறேன். 3000 மைல்னாங்க, சராசரி 1900 வந்தது. நின்ன நேரத்துக்கு காசு கிடையாது, லாரமில நின்ன அந்தப் பத்தரை மணி நேரத்துக்கு சைபர். ஓவர்டைம் கேக்கலாமேன்னா 1938-ல போட்ட ஃபெடரல் சம்பளச் சட்டத்துலயே நம்மள மாதிரி ஓட்டறவங்களுக்கு ஓவர்டைம்லேருந்து விலக்கு கொடுத்து வெச்சிருக்காங்க. 1099-ங்கறதால ஏப்ரல்ல சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் ரெண்டு பக்கப் பங்கும் சேர்த்து 15.3 சதவீதம் நானே கட்டினேன், டபிள்யூ-2ன்னா பாதியை கம்பெனி கட்டும். ட்ரக் அவங்களுது, லோடு அவங்களுது, எங்க எப்ப போகணும்னு சொல்றதும் அவங்க, ஆனா நான் "தனி கான்ட்ராக்டர்" ஆம்! இன்சூரன்ஸ் கிடையாது, படியில சறுக்கி விழுந்தா ஒர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலைல அடிபட்டா கிடைக்கற இழப்பீடும் கிடையாது. இதெல்லாம் கழிச்சா உங்க பெரிய கம்பெனி 50 சென்ட்டுக்குக் கீழதான் நான் வாங்கியிருக்கேன்.

உடனே சிலர் வருவாங்க, "நான் சின்ன கம்பெனிலதான் ஆரம்பிச்சேன், இன்னைக்கு மூணு ட்ரக் வெச்சிருக்கேன்"னு. சந்தோஷம் ண்ணே. சின்ன கம்பெனி எல்லாம் திருடன்னு நான் எங்கயும் சொல்லல, ஓனரே ஓட்டிக் கத்துக் கொடுக்கற அருமையான கம்பெனி இருக்கு. பெரிய கம்பெனி ஏஜென்ட்டுன்னும் என்னைச் சொல்லிராதீங்க, அவங்க லட்சணமும் சொல்றேன். 65 மைல் ஸ்பீடுக்கு மேல ஓட விடாத கவர்னர், மூஞ்சிக்கு நேரா கேமரா, ஸ்கூல் ஃபீஸ் நாங்க கட்டறோம்னு சொல்லிட்டு ஒரு வருஷத்துக்குள்ள போனா முழுசா கக்குன்னு அக்ரிமென்ட். அதைவிட மோசம், உள்ள போனதும் "உனக்கு சொந்த ட்ரக் வேணாமா?"ன்னு லீஸ்-பர்ச்சேஸை, அதாவது சம்பளத்துல பிடிச்சுப் பிடிச்சு ட்ரக்கை வாங்கற திட்டத்தை, நீட்டுவாங்க. வேணவே வேணாம். அரசாங்கமே போட்ட ட்ரக் லீஸிங் கமிட்டி 2025 ஜனவரில இதைத் தடை பண்ணுங்கன்னு காங்கிரஸுக்கு ரிப்போர்ட் கொடுத்துருச்சு, அப்படின்னா எத்தனை பேர் வயித்தெரிச்சல் இருக்கும் பாருங்க.

இருந்தாலும் எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தது ஒரு பெரிய கம்பெனிதான், அதுவும் புதுசா வர்றவன் மாதிரி அஞ்சு வாரம் டிரெயினர் கூட. அலபாமாக்காரர், அறுபதைத் தாண்டினவர், பாதி பேச்சு எனக்குப் புரியாது. ஒவ்வொரு தடவை ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடியும் என்னைக் கீழ இறங்க வெச்சார். இறங்கி, பின்னாடி நடந்து போய், மேல பார், கீழ பார், வந்து ஏறு. மழைலயும் அதேதான். முதல் வாரம் எனக்கு அவமானமா இருந்தது, டெஸ்டிங் லீடா இருந்தவனை இப்படி ஏத்தி இறக்கறாரேன்னு. ரெண்டாவது வாரம் ஒரு டாக்ல இறங்கிப் பார்த்தா மேல ஒரு இரும்புப் படிக்கட்டு நீட்டிகிட்டு நிக்குது, கண்ணாடில அது தெரியவே தெரியாது. அவர் உள்ளயே உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தார், ஒண்ணும் சொல்லல.

இது கேள்விக்கு சம்பந்தமில்லாததுதான், ஆனா சொல்லிடறேன், மனசு ஆறல. நம்ம ஆளுங்க இருக்காங்களே. போன பொங்கலுக்கு சங்கத்து விழால பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர், பத்துப் பேர் முன்னாடி, "என்ன, இன்னும் லாரிதானா? நல்லதா ஒண்ணு சிக்கலையா?"ன்னு கேக்கறார். அவர் கையில இருந்த பேப்பர் தட்டு, கப் எல்லாம் எவனோ ஒருத்தன் ராத்திரி பனில ஓட்டிட்டு வந்ததுதான். என் வீட்டம்மாவே யாராவது கேட்டா "லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கார்"ங்கறா. அவளைக் குத்தம் சொல்லல, அவளும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லுவா. தம்பி, உங்களுக்கும் இது வரும். 68 சென்ட்னு சொன்னா வாயை அடைக்கலாம்னு தோணும், எனக்கு அப்படித்தான் தோணிச்சு, அந்தக் கம்பெனில நான் கையெழுத்துப் போட்டதுக்குப் பாதி காரணம் அதுதான்.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். அந்த சின்ன கம்பெனி டிஓடி நம்பரை வாங்கி எஃப்எம்சிஎஸ்ஏ-வோட சேஃபர் சைட்ல போடுங்க, காசு கிடையாது, ரெண்டு நிமிஷம். எத்தனை ட்ரக், எத்தனை டிரைவர், எத்தனை இன்ஸ்பெக்ஷன்ல எத்தனை அவுட் ஆஃப் சர்வீஸ்னு வரும், நாட்டோட சராசரியும் பக்கத்துலயே போட்டிருப்பான், கண்ணு முன்னாடி தெரியும். அதே அட்ரஸ்ல முன்னாடி வேற பேர்ல கம்பெனி இருந்ததான்னு சும்மா கூகுள்ல தேடிப் பாருங்க. மைலுக்கு எத்தனை சென்ட்னு கேட்டீங்களே, எந்த மைல்னு கேட்டீங்களா? நிஜமா ஓட்டற மைலா, இல்ல ஜிப் கோடுலேருந்து ஜிப் கோடுக்கு அவங்க புக்குல இருக்கற மைலா? புக்கு மைல் பெரும்பாலும் கம்மியாத்தான் இருக்கும். புதுசா சேர்ந்த ஒரு டிரைவர்கிட்ட பேசணும்னு கேளுங்க, ரிக்ரூட்டர் பொறுக்கித் தர்ற ஆள்கிட்ட இல்ல, யார்டுல நிக்கற எவன்கிட்டயாவது. அவன்கிட்ட ஒரே கேள்வி: அவர்ஸ் முடிஞ்சிருச்சுன்னு டிஸ்பாட்ச்கிட்ட சொன்னா என்ன பதில் வருது?

இங்கிலீஷ் பத்தியும் பயப்படறேன்னு எழுதியிருக்கீங்க. 2025 ஜூன் 25-லேருந்து ரோட்டுல ஆபீசர் கேக்கறதுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்ல முடியலன்னா அவுட் ஆஃப் சர்வீஸ் போடறாங்க, உண்மைதான். ஆனா உங்க கேள்வியை எழுதியிருக்கற விதத்தைப் பார்த்தா உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது. அதுக்கும் ஆறு வாரம் ஒருத்தர் கூட கேபின்ல உக்காந்து பேசிட்டே போறது நல்லதுதான்.

டிஸ்பாட்ச் அனுப்பற பாப்-அப்ல கை வைக்கறதுக்கு முன்னாடி படிங்க. என் வயலேஷன் பிஎஸ்பிலேருந்து போறது 2026 ஜனவரில, கேலண்டர்ல அந்தத் தேதியை வட்டம் போட்டு வெச்சிருக்கா, லாஜிஸ்டிக்ஸ்காரரோட வீட்டம்மா.