நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களின் அன்றாட வாழ்க்கை உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தானதா?

எனக்குத் தெரிந்தது கோலார் தங்கவயல்தான். வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம் எங்களுடையது. தாத்தா முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்.

அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். மேலே குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்புவார்கள்.

இடிந்து விழாதா என்று கேட்பீர்கள். ராக் பர்ஸ்ட் என்று பொறியாளர்கள் சொல்வதை எங்கள் ஆட்கள் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். வெட்டியெடுத்த இடம் காலியாக ஆக, மேலே இருக்கும் மலையளவு பாரம் பக்கத்துப் பாறையில் இறங்கும். தாங்காத நாளில் அது குண்டு போட்டது போலச் சிதறும். வெட்டிய இடத்தில் கருங்கல் சுவர் அடுக்கி முட்டுக் கொடுப்பார்கள், ஓரளவுக்குத்தான் தாங்கும்.

அது வெடித்தால் மேலே வீடே அதிரும். அலமாரியில் கவிழ்த்து வைத்த பித்தளைச் சொம்புகள் கடகடவென்று ஆடும். ஆயா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். லைன் வீடுகள் என்பதால் வரிசையாக எல்லா வாசலிலும் பெண்கள். யார் வீட்டு ஆள் எந்த ஷிப்ட் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். தாத்தா வந்து சேர்ந்ததும் "எங்கய்யா போன இவ்ளோ நேரம்?" என்று முதலில் திட்டு விழும். அப்புறம்தான் வெந்நீர்.

இத்தனையும் தாண்டி வந்த மனுஷனைத் தூசிதான் கொண்டுபோனது. தங்கம் இருந்தது குவார்ட்ஸ் கல்லில். அதில் துளை போடும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கி வடுவாகிவிடும். சிலிகோசிஸ் என்று பெயர். குணமாக்க மருந்து கிடையாது. ஒரு ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லி வருஷக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. கடைசி இரண்டு வருஷம் அவர் படுக்கவே இல்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம்.

2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். பம்பு நின்றதும் உள்ளே தண்ணீர் ஏற ஆரம்பித்தது. பார்க்க வருகிற பழைய ஆட்களிடம் தாத்தா இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார்: "தண்ணி இப்ப எந்த லெவல் வரைக்கும் வந்திருக்கு?"