பழைய உயிர்ப்பாறை மீண்டும் உயிர் பெறுமா?

கேள்வி: கனடாவுக்குப் போன என் மைத்துனர் விட்டுச்சென்ற கடல்நீர் மீன்தொட்டியின் உயிர்ப்பாறைகள் (தொட்டிக் கழிவைச் சுத்திகரிக்கும் பற்றீரியாக்கள் வாழும் பவளப்பாறைத் துண்டுகள்) சில ஆண்டுகளாக வீட்டுக் கோடியில் காய்ந்து கிடக்கின்றன. அவற்றை அவித்தெடுத்து நேரே தொட்டியில் இடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: பாறைகள் பயன்படும், ஆனால் அவிக்கவே வேண்டாம். சோவாந்திட் வகைப் பவளங்கள் சிலவற்றில் உள்ள பாலிடொக்சின் என்னும் கொடிய நஞ்சு சூட்டில் எளிதில் அழிவதில்லை. பாறையை அவித்தபோது எழுந்த ஆவியைச் சுவாசித்து வைத்தியசாலைக்குப் போனவர்கள் உண்டு.

முதலில் மைத்துனரிடம், மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு அந்தத் தொட்டியில் செப்பு மருந்து இட்டாரா என்று கேளுங்கள். இட்டிருந்தால், பாறையின் கல்சியம் காபனேற்றில் படிந்த செப்பு பின்னர் கசிந்து இறாலையும் பவளத்தையும் கொல்லக்கூடும் என்பதால், அப்பாறைகளை மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது.

இன்று உங்கள் கையில் இருப்பது வெறும் சுண்ணக்கல்தான். அதன் நுண்துளைகளில் வாழ்ந்த பற்றீரியாக்கள் பெரும்பாலும் மடிந்துவிட்டன. புழுக்களும் கடற்பஞ்சுகளும் உள்ளேயே உலர்ந்துபோயின. நனைத்த மறுநாள் கருவாட்டு வாடை எழுந்தால், அவை அழுகி அமோனியாவாக மாறத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். ஆகவே தூரிகையால் தேய்த்து, வாசனை சேர்க்காத குளோரீன் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, திறந்த வெளியில் ஒரு நாள் ஊறவிட்டு, நன்கு கழுவி, குளோரீன் மணம் அறவே நீங்கும்வரை வெயிலில் உலர்த்துங்கள். அந்தக் கரைசலோடு எந்த அமிலத்தையும் சேர்க்க வேண்டாம். நச்சு வாயு கிளம்பும்.

அடுத்து, வெளிச்சம் படாத பெரிய வாளியொன்றில் ஒப்படர்த்தி 1.025 உள்ள உப்புநீரை நிரப்பி, பாறைகளை இட்டு, சிறு பம்பியால் நீரை ஓடவிட வேண்டும். நம்மூர் வெக்கைக்கு ஹீற்றர் தேவைப்படாது. போத்தலில் விற்கும் பற்றீரியாவையோ, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியொன்றிலிருந்து சிறு துண்டுப் பாறையையோ சேர்த்தால் வேலை விரைவுபடும். பற்றீரியா போதிய அளவு பெருகிவிட்டதா என்று அறிய, சிறிதளவு அமோனியா இட்ட மறுநாள் சோதனையில் அமோனியாவும் அது மாறி உண்டாகும் நைத்திரைற்றும் பூச்சியமாகக் காட்டும்வரை, பல வாரமானாலும், பொறுத்திருங்கள். பழைய பாறை பொசுபேற்றையும் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அதையும் சோதியுங்கள். அளவு ஏறிக்கொண்டே போனால் நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், இல்லாவிடில் தொட்டி பாசியால் நிறைந்துவிடும். உப்பைக் கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள். உரமும் மலக்குழிக் கசிவும் சேர்வதால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுதி. ஆர்ஓ (நுண்சவ்வினூடாக வடிகட்டிய) வடிநீரே உகந்தது.

கேள்வி: இடித்த பழைய மதிலின் முருகைக்கற்களையும் (பவளக்கற்களையும்) இப்படிப் பயன்படுத்தலாமா?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: சீமெந்தும் வர்ணமும் ஒட்டாத கற்களாயின் பயன்படுத்தலாம், சீமெந்து நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். மதிற்கல் போதாதென்று கடலில் உடைத்தெடுக்கப் போகாதீர்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டப்படி குற்றம்.