தவளக்குப்பத்தில் 24, அரியாங்குப்பத்தில் 6: சார்ஜ் ஏன் குதிக்கிறது?

வணக்கம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் ஓட்டுகிறீர்கள், மின்சார வண்டி, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, ஆயுள் கூடட்டும் என்று 80 விழுக்காட்டிலேயே சார்ஜை நிறுத்துகிறீர்கள். தவளக்குப்பத்தில் 24 விழுக்காடு சார்ஜ் காட்டிய வண்டி அரியாங்குப்பம் வருவதற்குள் 6 ஆகிவிட்டது என்கிறீர்கள். பேட்டரி போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எனக்குச் சந்தேகம் 80-இல் நிறுத்தும் அந்தப் பழக்கத்தின் மேல்தான்.

பெட்ரோல் டேங்க்கில் இருப்பது போல பேட்டரியில் அளவு காட்டும் மிதவை கிடையாது. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்துத்தான் வண்டி மீதியைச் சொல்கிறது. சிறு பிழை தினமும் சேரும். மற்ற லித்தியம் வகைகளில் வோல்ட்டைப் பார்த்து ஓரளவு திருத்திக்கொள்ளலாம். எல்எஃப்பியில் அது கஷ்டம்: 70 விழுக்காட்டிலும் சரி, 40-லும் சரி, ஒரு செல் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கணக்கு நேராவது முழு சார்ஜில்தான். பல வண்டிகளில் செல்கள் ஒன்றுக்கொன்று சமமாவதும் அப்போதுதான்.

அதனால் இன்று இரவு 100 வரை ஏற்றுங்கள். 100 காட்டியதும் பிளக்கைப் பிடுங்காமல், சார்ஜர் தானாக நிற்கும்வரை விடுங்கள். இனி வாரம் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். என் வண்டிக்கு இரண்டு முழு சார்ஜ் தேவைப்பட்டது.

அப்புறமும் குதித்தால் சர்வீஸில் செல் வாரியாக வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போது. பலவீனமான செல் அங்கேதான் தனியாக இறங்கித் தெரியும். அதுவரை 30-க்குக் கீழே காட்டும் எண்ணை நம்பிப் பாலம் ஏறாதீர்கள்.