வெந்தயம் மணக்கும் ஒயின்

கேள்வி: பிரான்சிலிருந்து வந்த சித்தப்பா ‘வேன் ஜோன்’ என்ற மஞ்சள் ஒயின் கொடுத்தார். திறந்தால் வெந்தயமும் வால்நட்டும் கலந்த வாசனை, இனிப்பே இல்லை. பாட்டிலிலும் 62 சென்டிலிட்டர், அதாவது 620 மில்லிதான். கெட்டுவிட்டதா? – வாசகர், புதுச்சேரி

பதில்: கெடவில்லை. உங்கள் மூக்கு சொன்னது சரி, அது வெந்தயத்தின் மணமேதான். கிழக்கு பிரான்சின் ஜுரா வட்டாரத்தில், சவான்யன் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து இதைச் செய்கிறார்கள். பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவதுதான் பொதுவான வழக்கம். ஆனால் இதை நிரப்பவே மாட்டார்கள். ஆறிய பாலில் ஏடு கட்டுவதுபோல ஒயினின் மேல் ஈஸ்ட் படலம் படியும். அதன் அடியில் 6 ஆண்டுக்கும் மேல் கிடக்கும். 1 லிட்டர் ஊற்றினால் மிஞ்சுவது ஏறக்குறைய 62 சென்டிலிட்டர். ‘கிளாவ்லன்’ எனப்படும் அந்தக் குட்டைப் பாட்டிலின் அளவும் அதுதான்.

ஏட்டின் அடியில் உருவாகும் அசிட்டால்டிஹைடு வால்நட், அடிபட்ட ஆப்பிள் வாசனையைத் தருகிறது. ஆண்டுகள் போகப் போக சோட்டோலோன் என்ற சேர்மமும் சேர்கிறது. வெந்தயத்துக்கு மணம் தருவதும் இதே சேர்மம்தான். அரைத் தேக்கரண்டி வெந்தயத்தை வறுக்காமல் நசுக்கிக் கிண்ணத்தில் வைத்து, கிளாஸையும் அதையும் மாறி மாறி முகர்ந்து பாருங்கள், புரிந்துவிடும்.

உண்மையிலேயே கெட்டிருந்தால் வேறு மாதிரி தெரியும். மூக்கில் சுருக்கென்று ஏறும் வினிகர் நெடி என்றால் ஏடு சிதைந்து அசிட்டிக் பாக்டீரியா புகுந்திருக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் கோளாறு கார்க்கில்.

கேள்வி: அதை எப்படிப் பரிமாறுவது?

பதில்: 14 முதல் 16 டிகிரியில். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நம் ஊர் வெப்பத்தில் முக்கால் மணி நேரம் வெளியே வைத்தால் போதும். சில்லென்று குடித்தால் மணம் எழும்பாது, புளிப்பு மட்டும் நாக்கைப் பிடிக்கும். சில மணி நேரம் முன்பே திறந்து வைத்து, வாய் குறுகிய கிளாஸில் 50 மில்லி மட்டும் ஊற்றுங்கள். கோம்தே சீஸ் இதற்கு அருமையான துணை. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். காற்றோடு பழகிய ஒயின் அல்லவா!

கேள்வி: தமிழில் ஒயின் சுவைக் குறிப்பு எழுத ஆசை. ஆங்கிலச் சொற்களை எப்படிப் பெயர்ப்பது?

பதில்: பெயர்க்காதீர்கள், முகர்ந்து எழுதுங்கள். இதே ஒயினுக்கு வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘கறி’ என்று இருக்கும். அவர்கள் சொல்வது மசாலாப் பொடியை. அப்படியே போட்டால் நம் வாசகர் இறைச்சி என்று நினைப்பார். ‘வெந்தயம்’ என்று எழுதினால் ஒரே சொல்லில் முடிந்தது, அறிவியலும் அதுதான். ‘பிளாக்கரண்ட்’டைப் பலர் கருந்திராட்சை என்கிறார்கள்; அது திராட்சையே அல்ல, வேறு செடியின் பழம். நீங்கள் அதைச் சாப்பிட்டதில்லை என்றால் குறிப்பில் அந்தச் சொல்லே வேண்டாம்.

சிவப்பு ஒயினில் டானின் என்ற பொருள் தரும் சுவைக்கு நம்மிடம் ‘துவர்ப்பு’ தயாராக இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. வாழைப்பூத் துவர்ப்பா, நெல்லிக்காய்த் துவர்ப்பா, ஈறில் பிடிக்கிறதா, நாக்கின் நடுவிலா என்று எழுதுங்கள். விழுங்கியபின் சுவை எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணிக் குறியுங்கள். அறுவடை ஆண்டு, குடித்தபோது இருந்த வெப்பநிலை, திறந்து எவ்வளவு நேரம் ஆனது – இந்த மூன்றும் இல்லாத குறிப்பை அடுத்த பாட்டிலோடு ஒப்பிட முடியாது.