தோல் லிம்போமா: இரண்டே நாள் கதிர்வீச்சு போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் லிம்போமா, அதாவது தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய். உடம்பில் பல இடங்களில் படை இருக்கிறது. தொடையில் இருக்கும் தடிப்பு மட்டும் புண்ணாகி நீர் வடிகிறது. அதற்கு இரண்டு நாள் கதிர்வீச்சு போதும் என்கிறார் டாக்டர். தொண்டைப் புற்றுநோய் வந்த சித்தப்பாவுக்கு ஏழு வாரம் கொடுத்தார்கள். அப்பாவைக் கைவிட்டுவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கைவிடவில்லை. இந்த நோய்க்கு அதுதான் சரியான அளவு.

லிம்போமா செல்கள் கதிர்வீச்சுக்குச் சீக்கிரம் மடிபவை. தொண்டைக் கட்டிக்கு வழக்கமாக 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை தேவைப்படும். அப்பாவுக்கு இருப்பது போன்ற தடிப்புக்குப் பெரும்பாலும் மொத்தம் 8 கிரே போதும். அதை ஒரே தடவையிலோ, இரண்டாகப் பிரித்தோ கொடுப்போம். கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். இது ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் நோய். நாளை பக்கத்திலேயே இன்னொரு தடிப்பு எழலாம். அன்றைக்கும் தாங்குகிற மாதிரி தோலை இன்று மிச்சம் வைக்க வேண்டும். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. உடம்பில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நோய் இருந்தால் கணக்கு வேறு. அங்கே முழுக் குணம்தான் இலக்கு, 24 முதல் 30 கிரே வரை போவோம்.

தோலுக்குப் பெரும்பாலும் எலக்ட்ரான் கதிரைத்தான் பயன்படுத்துகிறோம். அது மேலாக நின்றுவிடும், உள்ளுறுப்புகள் வரை போகாது. ஆனால் தோலின் மேற்பரப்பில் அதன் அளவு சற்றுக் குறைவு. அதனால் தடிப்பின்மேல் ஜெல்லி போன்ற ஒரு மெத்தென்ற தகட்டை வைப்பார்கள். பார்த்து மிரள வேண்டாம், முழு அளவும் தோலிலேயே இறங்கத்தான் அது. தடிப்பைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிப் பேனாவால் கோடு போடுவார்கள். சிகிச்சை முடியும்வரை அதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். மெஷின் ஓடும்போது வலியோ சூடோ தெரியாது. களிம்பைத் தடிமனாகப் பூசிக்கொண்டு மட்டும் போக வேண்டாம்.

மறுநாளே தடிப்பு மறைந்துவிடாது. முதலில் கொஞ்சம் சிவக்கக்கூடச் செய்யும். பலன் முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம் பொறுங்கள். அந்த இடத்தில் முடி கொட்டலாம். கடைசியில் கருமை படர்ந்து நிற்கும், பலர் அதை நோய் என்று நினைத்துப் பதறுகிறார்கள். தடவிப் பாருங்கள். தோல் தட்டையாக, மென்மையாக இருந்தால் அது பெரும்பாலும் வெறும் நிறம்தான்.

இப்போதைக்கு நான் அதிகம் கவலைப்படுவது அந்த நீர் வடியும் புண்ணைப் பற்றி. இந்த நோயில் தோல் வழியாகக் கிருமி நுழைவதுதான் பெரிய ஆபத்து. காய்ச்சலோ, துர்நாற்றமோ, சுற்றிலும் வீக்கமோ தெரிந்தால் கதிர்வீச்சு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

படைகள் உடம்பெங்கும் தடித்துப் பரவினால், நோயாளியை ஆறு நிலைகளில் நிற்கவைத்துத் தோல் முழுவதற்கும் எலக்ட்ரான் கொடுக்கும் முறையும் உண்டு. அப்பாவுக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம். எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை கிரே கொடுத்தார்கள் என்று எழுதி வாங்கி, தடிப்பின் புகைப்படத்தோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை தேவைப்பட்டால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.